மைக்கின் முன்னால் யார் உட்காரலாம்?

சென்னையில் முதன்முதலாக வானொலி நடத்தியது அரசாங்கம் அல்ல, வியாபாரக் கம்பெனியும் அல்ல. அது ஒரு சங்கம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16ஆம் தேதி 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' உருவானது. ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் அவர்களிடம் இருந்தது 40 வாட் சக்தியுள்ள ஒரு கருவி, பிறகு 200 வாட். நாற்பது வாட் என்பது ஒரு குண்டு பல்பு எரியத் தேவைப்படும் மின்சாரம்தான். அதை வைத்துக்கொண்டு தினமும் மாலையில் பாட்டும் பேச்சும் அனுப்பினார்கள். ஒலிபரப்பைத் தாங்கியது உறுப்பினர்களின் ஆர்வமும் அவர்கள் பையிலிருந்து வந்த காசும். காசு தீர்ந்ததும் 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது.

கிளப் தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. 1930 ஏப்ரல் 1ஆம் தேதி மாநகராட்சி அதை மறுபடி இயக்கியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க வசதியில்லாதவரும் நின்று கேட்கலாம் என்றானது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சியின் வேலை முடிந்தது.

இந்தப் பதினான்கு ஆண்டுகளை ஒரு பொறியியலாளனாகப் படிக்கும்போது எனக்குத் தெரிவது வாட் கணக்கு மட்டுமல்ல. கிளப் இருந்தபோது பேசுபவர் சிலர், கேட்பவரும் சிலர். ஆனால் இரு தரப்பும் ஒரே சங்கத்தைச் சுற்றி இருந்தார்கள். மாநகராட்சி வந்ததும் கேட்பவர்கள் பல்லாயிரம் ஆனார்கள், பேசுபவர் மட்டும் வேறு ஆள் ஆகிவிட்டார். வானொலி ஏழைக்குக் கிடைத்த அதே நாளில் உறுப்பினர் என்ற சொல் அதிலிருந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நாம் நேயர்கள்.

மலாயாவிலும் தொடக்கம் இப்படித்தான். 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின் பொறியாளர் ஏ.எல். பெர்ச் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார் என்று மலேசிய வானொலியின் வரலாறு பதிந்துவைத்திருக்கிறது. அவர் செய்த அடுத்த வேலை ஒரு சங்கம் அமைத்ததுதான். கோலாலம்பூரிலும் அதே மாதிரி ஒரு சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பியது. அதிகாரிகள், பொறியாளர்கள், பொழுதுபோக்குக்காகக் கம்பி சுற்றியவர்கள் ஆகியோரின் சங்கங்கள் இவை. பால்மரம் சீவியவனுக்கு அங்கே இடமில்லை என்று விதி எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பெரட்டுக் களத்து ரேடியோ

1937இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. 1940இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் 1946 ஏப்ரல் 1ஆம் தேதி ரேடியோ மலாயா பிறந்தது. 1948இல் அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் தோட்டத்தில் இருந்த தொழிலாளர்களுக்கும் இடையில் நிற்க அரசாங்கத்துக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. 1950இல் அவசரகாலத் தகவல் சேவையை நடத்த லண்டன் பி.பி.சி.யிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் வந்தார். புதுக்கிராமங்களுக்கும் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. அந்தத் திட்டத்துக்குச் 'சமூகக் கேட்பு' என்று பெயர்.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்று உலகம் முழுவதும் 'சமூக வானொலி' என்றால் சமூகம் பேசும் வானொலி. நம் நாட்டில் அந்தச் சமூகம் என்ற சொல் முதலில் ஒட்டிக்கொண்டது கேட்பதோடுதான்.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த என் பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துல வெச்சிருப்பாங்க. சாயந்தரம் குளிச்சிட்டுப் போயி ஒக்காந்துக்குவோம். தமிழ் நேரம் முடிஞ்சா எந்திரிச்சு வந்துருவோம்" என்றார். நீங்களே ஸ்டேஷனைத் திருப்புவீர்களா என்றேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் கிராணிதான் தொடணும்."

காலையில் அதே களத்தில்தான் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேருக்கு 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாயந்தரம் ரேடியோ பேசும்போது அந்தப் பதிலும் தேவையில்லை. பிறகு வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டார்கள், பேர் வாசிக்கப்பட்டால் லயமே பேசிக்கொண்டது. தோட்டத்து ஆசிரியர்கள் வானொலிக்கு நாடகம் எழுதினார்கள். நம் இலக்கியத்தில் ஒரு தலைமுறை வானொலியில் கைபழகியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அஞ்சலட்டை போடுவது ஒன்று, எந்த அட்டையை வாசிப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் உட்காருவது வேறொன்று. இரண்டாவது நம் கைக்கு வரவே இல்லை.

வளாகத்தின் கேட்

இந்தியாவில் இந்தக் கேள்வி ஒரு கிரிக்கெட் வழக்கில் வந்து நின்றது. 1993இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டியை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரி 9ஆம் தேதி வந்த தீர்ப்பு, அலைவரிசை பொதுச்சொத்து என்றது. பொதுச்சொத்து என்றால் அரசின் தனிச்சொத்தும் அல்ல, கம்பெனிகளின் சொத்தும் அல்ல. அப்படியானால் ஊர்க்காரர்கள் வானொலி வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு ஏழு ஆண்டு கழித்து, 2002 டிசம்பரில், பாதிப் பதில் கிடைத்தது. கல்வி நிறுவனங்கள் மட்டும் வைக்கலாம்.

அப்படி வந்ததுதான் அண்ணா எஃப்.எம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2004 பிப்ரவரி 1ஆம் தேதி ஒலிக்கத் தொடங்கிய இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி. அதற்குப் பின்னால் இருந்தவர் ஆர். ஸ்ரீதர். மாணவர்களோடு நிற்காமல், வளாகத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புகளின் பெண்களையும் அந்த நிலையம் நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்தது. தமிழ் இதில் முதலில் நின்றது என்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உரிமம் யார் பெயரில்? பல்கலைக்கழகத்தின் பெயரில். கோட்டூர்புரத்துப் பெண் ஒருத்தி நூறு நிகழ்ச்சி செய்தாலும் அவள் பங்கேற்பாளர்தான், உறுப்பினர் அல்ல.

2006 நவம்பரில் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விதிகளை எடுத்துப் படித்தால் எனக்கு ஒரு வரைபடம் மாதிரித் தெரிகிறது. கடத்து சக்தி பொதுவாக 100 வாட். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும். 2006 விதியில் மணிக்கு 5 நிமிடம் விளம்பரம் என்று இருந்தது. சொந்தமாகச் செய்தி கூடாது. தனிமனிதருக்கும் அரசியல் கட்சிக்கும் உரிமம் இல்லை. விண்ணப்பிக்கும் அமைப்புக்கு மூன்றாண்டு சேவை அனுபவம் வேண்டும். நிர்வாகம் அந்தச் சமூகத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பிரதிபலிப்பது, யார் ஓட்டுப் போடுவது என்பது அதில் இல்லை. வாட்டுக்கு எல்லை உண்டு, மனிதருக்கு வரையறை இல்லை.

அந்த வெற்றிடத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டவர்கள் உண்டு. அன்றைய ஆந்திராவின் மேதக் மாவட்டத்தில், மச்னூர் கிராமத்தில், 2008 அக்டோபர் 15ஆம் தேதி சங்கம் ரேடியோ தொடங்கியது. நடத்துபவர்கள் தலித் பெண்கள். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் கிராமச் சங்கங்களில் விதைக்கும் நிலத்துக்கும் கூடி முடிவெடுத்துப் பழகியவர்கள். அங்கே வானொலி வருவதற்கு முன்பே சங்கம் இருந்தது. மைக் பிறகுதான் வந்தது. அது நின்று நிலைத்ததற்குக் காரணம் இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். செர்டாங்கில் புத்ரா எஃப்.எம். இருக்கிறது, ஷா ஆலமில் யு.எஃப்.எம். இருக்கிறது. வளாக வானொலிக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் சமூக வானொலி என்று தனியாக ஒரு வகை கிடையாது. அரசு, வியாபாரம், பல்கலைக்கழகம் என்ற மூன்று வாசல்தான். மூன்றாவது வாசலுக்கும் பழைய பூட்டு ஒன்று உண்டு. பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971இல் வந்தது. 1975இல் அது திருத்தப்பட்டபோது, துணைவேந்தரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மாணவர் எந்த வெளி அமைப்பிலும் உறுப்பினராகக் கூடாது என்றானது. மாணவர் சங்கம் காசு வசூலிக்கவும் தடை. 2009, 2012 திருத்தங்களில் கட்டு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. மாணவர் அமைப்புகள் நிதியைத் தாங்களே கையாள 2024 திருத்தம் வழிவிட்டது. ஆக, ஏறக்குறைய மூன்று தலைமுறை மாணவர்களுக்கு 'உறுப்பினர்' என்ற சொல்லே அனுமதிக் கடிதத்தோடு வந்த சொல்.

நான் படித்த காலத்தில் வளாக வானொலி ஒன்றில் வாரம் ஒரு மணி நேரம் தமிழுக்குக் கிடைத்தது. நாங்கள் ஐந்து பேர் அதைச் செய்தோம். பாட்டுப் போட்டே ஓட்டியிருக்கலாம். ஒருத்தி சொன்ன யோசனையில், தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமான்களில் குடியிருக்கும் வயதானவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்தோம். ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி தின்றதைச் சொன்னவர், தாலாட்டுப் பாடியவர் என்று பதினோரு பேர். பட்டம் வாங்கிய மாதம் எங்கள் நுழைவட்டை வேலை செய்யாமல் போனது. அதுகூட நியாயம்தான். பதிவுகளின் நகல் கேட்டபோது, நீங்கள் இப்போது மாணவர் இல்லை, கோப்புகள் நிலையத்துக்குச் சொந்தம் என்று பதில் வந்தது. அடுத்து வந்த தம்பி தங்கைகளுக்கு அந்தக் கோப்புகள் இருப்பதே தெரியவில்லை. பிறகு கணினி மாற்றினார்களாம். அந்தப் பதினோரு பேரில் நால்வர் இன்று உயிரோடு இல்லை.

யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். அந்த விதியில் எங்களுக்கும் அந்தப் பாட்டிகளுக்கும் பெயரே இல்லை என்பதுதான் விஷயம். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், கூடவே கோயிலும் போகும். கேட்டைத் தாண்டினால் நீ அந்த ஊர்க்காரன் இல்லை. வளாகத்திலும் அதே கேட்தான்.

பெர்க்லியில் ஓர் 'அல்லது'

கேட் இல்லாத வானொலி சாத்தியமா என்று தேடியபோது அமெரிக்காவின் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தின் கதை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி எடுக்க மறுத்த லூயிஸ் ஹில் என்பவர் பசிஃபிக்கா என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். 1949 ஏப்ரல் 15ஆம் தேதி பெர்க்லியில் அதன் முதல் நிலையம் ஒலித்தது. விளம்பரம் கிடையாது. கேட்பவர்கள் சந்தா கட்டி நடத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. பல தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள்.

ஐம்பது ஆண்டு கழித்து அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை தெரிந்தது. சந்தா கட்டியவருக்கு ஓட்டு இல்லை. 1999 பிப்ரவரியில் பசிஃபிக்காவின் தேசிய வாரியம், தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விதியை மாற்றியது. உள்ளூர் நிலையங்களின் பிரதிநிதிகள் வெளியே போனார்கள். ஜூலையில் சச்சரவு முற்றி, ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் வெளியேற்றி நிலையத்தைப் பூட்டினார்கள். பெர்க்லி தெருக்களில் சுமார் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். ஒரு வானொலிக்காக! சில வாரத்தில் பூட்டு திறந்தது. வழக்குகள் நடந்து, சமரசமாகி, 2003இல் புது விதிகள் வந்தன.

அந்த விதிகளில் உறுப்பினர் இரண்டு வகை. கேட்பவர் ஒரு வகை. ஆண்டுக்கு 25 டாலர் கட்டியிருக்க வேண்டும், அல்லது மூன்று மணி நேரம் நிலையத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். ஊழியர் இன்னொரு வகை. சம்பளம் வாங்குபவரும் இதில் உண்டு, சம்பளமில்லாமல் மூன்று மாதத்தில் 30 மணி நேரமாவது உழைத்தவரும் உண்டு. உள்ளூர் வாரியத்தில் 24 பேர். கேட்பவர்கள் 18 பேரையும் ஊழியர்கள் 6 பேரையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மிகப் பிடித்த சொல் அந்த 'அல்லது'. காசு கட்டு என்று மட்டும் எழுதினால் மாணவனும் வேலையில்லாதவனும் வெளியே நிற்பார்கள். நேரம் கொடு என்று மட்டும் எழுதினால் செனவாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து சமைக்கும் பெண் வெளியே நிற்பாள். ஒரே ஒரு 'அல்லது' இரண்டு பேரையும் உள்ளே விடுகிறது.

பசிஃபிக்கா சொர்க்கம் ஆகிவிடவில்லை. தேர்தல் வந்ததும் அணிகள் வந்தன. தேர்தல் செலவும் உட்சண்டையும் கடனும் அந்த அமைப்பை இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டு கொடுப்பதால் சண்டை தீராது. ஆனால் சண்டை அறைக்குள் நடக்கும், பூட்டிய கதவுக்கு வெளியே நடக்காது. கோயில் கமிட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

பத்து வெள்ளியும் ஓர் ஓட்டும்

விதி எழுதுவதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் வக்கீலுக்கும் உள்ள வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தோட்டத்து மனிதர்கள் விதியால் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுபடி விற்றார்கள், ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. அன்றைய தோட்டத் தொழிலாளி நூறு வெள்ளியை ஒரே முறையில் பார்த்திருக்க மாட்டார். அதனால் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, பால்மரம் சீவியவர்கள் தோட்டம் வாங்கினார்கள்.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாக அலைந்ததை எல்லாரும் சொல்கிறார்கள். அந்தத் தவணை விதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 'நூறு வெள்ளி' என்று முடிந்திருந்தால் அது கிராணிகளின் சங்கமாகப் போயிருக்கும். 'பத்துப் பத்தாக' என்றதும் தொழிலாளர்களின் சங்கமானது. கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. அந்தச் சங்கம் பிறகு எப்படிப் போனது என்பது வேறு கட்டுரைக்கான விவாதம். வாசல் எப்படித் திறந்தது என்பதுதான் எனக்கு இங்கே வேண்டும்.

இதையெல்லாம் இப்போது தோண்டுவதற்குக் காரணம் உண்டு. பாரோயில் ரப்பர் மரம் நின்ற இடங்களில் இன்று தாமான்கள். ஒரே லயத்தில் இருந்தவர்கள் நாலு திசையில் இருக்கிறார்கள். இங்கே நாங்கள் சிலர் இணையம் வழியாக ஒரு சின்ன வானொலி தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அருகிலுள்ள கல்லூரி மாணவர்களும் சேர ஆசைப்படுகிறார்கள். மைக், மிக்சர், சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரு மாலையில் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும், அதுவும் இருக்கிறது. உறுப்பினர் யார் என்ற ஒரு பக்கத்தில்தான் இரண்டு மாதமாக நிற்கிறோம். "எல்லாரும் வரலாம்னு போட்டுட வேண்டியதுதானே" என்கிறார் ஓர் அண்ணன். எல்லாரும் வரலாம் என்று மட்டும் எழுதிய இடத்தில் கடைசியில் சாவி வைத்திருப்பவர் மட்டும்தான் இருப்பார்.

இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். ஆண்டுக்குப் பத்து வெள்ளி அல்லது ஆறு மணி நேர வேலை, எது கொடுத்தாலும் முழு உறுப்பினர். நிகழ்ச்சி செய்வது மட்டும் வேலை இல்லை. வயதானவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதும், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதும், கூட்டத்துக்குத் தேநீர் போடுவதும் வேலைதான், அதுவும் கணக்கில் ஏறும். மாணவராக இருப்பது சேர ஒரு காரணம், படிப்பு முடிவது விலக்க ஒரு காரணம் ஆகாது. நிர்வாகத்தில் யாரும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் உட்காரக் கூடாது. ஒருவரை நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பொதுக்கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான். கடைசியாக ஒன்று: மைக்கின் முன்னால் ஒரு முறை உட்கார்ந்து தன் கதையைச் சொன்னவர், காசு கட்டாவிட்டாலும் வேலை செய்யாவிட்டாலும், அந்த ஆண்டு முழுக்க உறுப்பினர். அவர் பேசியதன் நகல் அவர் வீட்டில் ஒன்று இருக்கும்.

கடைசி விதியில்தான் தகராறு. சும்மா வந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு ஓட்டு எதற்கு என்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: காசு கொடுப்பவரும் நேரம் கொடுப்பவரும் நாளைக்கும் வருவார்கள். எழுபது எண்பது வயதில் ஒருவர் தன் வாழ்க்கையை எடுத்து நம் முன்னால் வைத்தால், அதைவிடப் பெரிய சந்தாவை யார் கட்டிவிட முடியும்?

அடுத்த கூட்டத்தில் இது ஓட்டுக்கு வருகிறது.